துரோபதை போட்ட ரவிக்கை

போன மாசம் ஒரு நண்பர் கேட்டார்: "அறுபதுகள்ல வெளிநாட்டுல ட்ராக் ஷோன்னு நடந்துச்சே, ஆம்பளைங்க பொம்பளை உடுப்புல மேடை ஏறுறது, அந்த மாதிரி நம்ம பக்கம் எதாவது இருந்துச்சா?" எனக்குச் சிரிப்புதான் வந்தது. நாங்க சின்ன வயசுல சாக்கு விரிச்சுப் போட்டு விடிய விடிய பார்த்தது வேற என்ன? ஆனா வீட்டுக்கு வந்து யோசிச்சபோது, அந்தக் கேள்வியில் ஒரு பாதிக்கு என்னிடம் பதில் இல்லை என்று தெரிந்தது. பெண்வேடம் இருந்தது, சரி. அந்த வேடக்காரர் எந்தச் சேலை கட்டினார்? எப்படிப்பட்ட ரவிக்கை போட்டார்? அது யாருடைய நாகரிகம்? இதை எழுதி வைக்கலாம் என்று உட்கார்ந்தேன்.

முதலில் ஒரு திருத்தம். 1960களின் தொடக்கத்தில் தர்மபுரி மாவட்டம் என்று ஒன்று கிடையாது. சேலம் மாவட்டத்தின் வடபகுதியாகத்தான் இந்த ஊர்கள் எல்லாம் இருந்தன. 1965 அக்டோபர் 2ல்தான் தனி மாவட்டம் ஆனது. கிருஷ்ணகிரியும் அப்போது இதற்குள்தான், அது பிரிந்தது 2004ல். ஆகவே நான் "தர்மபுரி" என்று சொல்வது பென்னாகரம், பாலக்கோடு, அரூர், ஊத்தங்கரை என்று விரியும் பழைய நிலப்பரப்பை. கேழ்வரகும் சோளமும் விளைந்த மானாவாரிப் பூமி. அறுவடை முடிந்து கை ஓய்ந்த பிறகு, மாசியில் தொடங்கி ஆடி வரை, திரௌபதி அம்மன், மாரியம்மன் திருவிழாக்கள். அதுதான் கூத்துப் பருவம்.

ட்ராக் என்றால் வெறும் மாறுவேடம் இல்லை. உடுப்பையே கலையாக்குவது. அந்தக் காலத்தில் அமெரிக்காவில் ஜுவல் பாக்ஸ் ரெவ்யூ என்ற குழு ஊர் ஊராகப் போய் ஆடியது. பெண்ணுடுப்பில் இருபத்தைந்து ஆண்கள், ஆணுடுப்பில் ஒரே ஒரு பெண் என்பதுதான் அதன் விளம்பரம். லண்டனில் டேனி லா ரூ 1964ல் சொந்தமாக கிளப் திறந்தார், பகட்டான கவுன்களுக்காகவே ஆள் கூடியது. அங்கெல்லாம் பார்க்க வந்தவர்கள் பணம் கொடுத்து இருட்டறையில் உட்கார்ந்த நகரத்து ஆட்கள். இங்கே பார்த்தது ஊரே: கிழவிகள், கைக்குழந்தைக்காரிகள், ஊர்க்கவுண்டர், பள்ளிக்கூடத்துப் பையன்கள். அதுவும் சாமி காரியமாக.

இப்போ உடுப்புக்கு வருவோம்.

கூத்தில் ரெண்டு வகை வேடம். ஒண்ணு கட்டை வேடம். துரியோதனன், கர்ணன், துச்சாதனன், அர்ச்சுனன் போன்றவர்களுக்கு. தலையில் கிரீடம், தோளில் புஜக்கீர்த்தி, மார்பில் பதக்கம், எல்லாம் கல்யாண முருங்கை போல கனமில்லாத மரத்தில் செதுக்கி, கண்ணாடிச் சில்லும் ஜிகினாக் காகிதமும் ஒட்டியது. இதை எந்த ராஜாவும் எந்தக் காலத்திலும் போட்டதில்லை. கூத்து ராஜாவுக்கென்றே உள்ள உடுப்பு அது. தாத்தா போட்டதைப் பேரன் போடலாம், கண்ணாடி உதிர்ந்தால் மறுபடி ஒட்டலாம், அவ்வளவுதான்.

இன்னொன்று சேலை வேடம். திரௌபதி, குந்தி, சுபத்திரை, பொன்னுருவி. இவர்களுக்குக் கட்டை கிடையாது. சேலை, ரவிக்கை, கழுத்துச் சங்கிலி, சடை. இந்தச் சேலையை எந்த ஆசாரியும் செதுக்க முடியாது. துணிக்கடையில் வாங்கணும், இல்லேன்னா ஊர்ல யார்கிட்டயாவது இரவல் கேக்கணும். கடையில் அந்த வருஷம் என்ன வந்ததோ அதுதான் கிடைக்கும். இரவல் கொடுக்கிற பெண் தன் பெட்டியில் இருப்பதில் நல்லதாகப் பார்த்துக் கொடுப்பாள். ஆக, கூத்து மேடையில் துரியோதனனுக்குக் காலமே கிடையாது. திரௌபதிக்கு மட்டும் வருஷத் தேதி உண்டு. அஸ்தினாபுரத்து அரசவையில் அவள் ஒருத்திதான் 1962ல் நிற்கிறாள்.

இதை யாரும் தப்பாக நினைக்கவில்லை என்பதும் கவனிக்க வேண்டியது. நாயக்கர் காலத்தில் கோயில் விதானங்களில் இதிகாசம் தீட்டிய ஓவியர்களும் தங்கள் காலத்துத் துணியைத்தான் சீதைக்கும் திரௌபதிக்கும் உடுத்தினார்கள். ரவிவர்மா தன் தேவிகளுக்கு மராத்திப் பெண்களின் சேலைக்கட்டையும் கொடுத்தார். அந்த அச்சுப்படங்களிலிருந்து காலண்டர், காலண்டரிலிருந்து நாடக மேடை. "புராண கால உடை" என்று நாம் நினைப்பதில் பாதி, நூற்றைம்பது வருஷத்துக்கு உட்பட்ட சரக்கு.

என் தலைப்புக்குக் காரணம் எங்க ஆயா. அறுபதுகளின் தொடக்கத்தில் ஆயாவுக்கு முப்பது வயசு தாண்டியிருக்கும். கடைசி வரைக்கும் ரவிக்கை போடாமலே இருந்த மனுஷி. எட்டு கெஜம், பின்கொசுவம், மாராப்பை இழுத்து இடுப்பில் சொருகினால் முடிந்தது. எங்க பக்கம் அந்த வயசுப் பெண்களில் பலர் அப்படித்தான். சின்னவயசுப் பெண்கள், பள்ளிக்கூடம் எட்டிப் பார்த்தவர்கள், புதுசாகக் கல்யாணமாகி வந்தவர்கள், இவர்கள்தான் உள்பாவாடை, முன்கொசுவம், ரவிக்கை என்று மாறிக்கொண்டிருந்தார்கள். ஒரு வீட்டுக்குள்ளேயே மாமியாருக்கு ஒரு கட்டு, மருமகளுக்கு ஒரு கட்டு. அந்த மாறுகிற நேரத்தில் கூத்துக்காரர் துரோபதையாக வந்து நிற்கிறார், அழகாகத் தைத்த ரவிக்கையோடு. ஊர்லயே நல்ல ரவிக்கை அன்னைக்கு ராத்திரி ஒரு ஆம்பளை மேலதான் இருந்துச்சுன்னு ஆயா சொல்லிச் சிரிக்கும்.

அவருக்கு ரவிக்கை அழகுக்காக மட்டும் அல்ல, தொழில் தேவை. மார்புக்குத் துணி உருண்டை வைக்கணும், அது ஆட்டத்தில் நழுவக்கூடாது, இறுக்கிப் பிடிக்கத் தையல் வேணும். ஏர் பிடித்த தோளும் புஜமும் மறையணும், அதனால் முழங்கை வரை கை வைக்கணும், இல்லாவிட்டால் பஃப் கை. சினிமாவில் பஃப் கை வந்ததற்குக் காரணம் வேறு, கூத்தில் அது நின்றதற்குக் காரணம் வேறு என்பது என் கணிப்பு. நாகரிகம் மாறிக் கை குட்டையானபோது நிஜப் பெண்கள் உடனே மாறிக்கொள்ளலாம், பெண்வேடக்காரரால் முடியாது. புஜம் காட்டிக் கொடுத்துவிடும்.

வளையலும் அப்படியே. கண்ணாடி வளையல் ஆம்பளைக் கையில் ஏறாது, ஏறினாலும் அடவு வைக்கும்போது நொறுங்கும். ரப்பர் வளையலும் பிளாஸ்டிக் வளையலும் திருவிழாக் கடைகளுக்கு வந்தது பெண்வேடக்காரருக்குப் பெரிய சகாயம். மூக்குத்திக்கு மூக்கு குத்த வேண்டாம், அழுத்தி மாட்டுகிறது போதும். காதுக்குக் கவலையே இல்லை, பழைய தலைமுறை ஆண்களுக்குக் காது ஏற்கெனவே குத்தியிருக்கும்.

முடிதான் பிரச்சினை. இந்தக் கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். முந்தின தலைமுறையில் ஆண்களே குடுமி வைத்திருந்தார்கள். பெண்வேடக்காரர் குடுமியை அவிழ்த்தால் சடை பின்ன முடி தயார். கிராப்பு வந்தது, குடுமி போனது. ஆண்களின் நாகரிகம் மாறியதால் பெண்வேடத்துக்கு முடி இல்லாமல் போச்சு! அப்புறம்தான் சவுரியும் டோப்பாவும் இன்றியமையாதவை ஆயின. சிலர் அதை ஏற்காமல் சொந்த முடியையே தோள் வரை வளர்த்தார்கள். வளர்த்தால் பகலிலும் அது தெரியும். சந்தைக்குப் போனால் தெரியும், பெண் பார்க்கப் போனால் தெரியும்.

திரௌபதிக்கு முடி சாதாரண அலங்காரம் இல்லை என்பதையும் சேர்த்துப் பாருங்க. சபையில் இழுக்கப்பட்ட கூந்தலை, துரியோதனன் ரத்தம் பூசித்தான் முடிவேன் என்று சபதம் செய்தவள் அவள். பதினெட்டாம் போர் முடிந்து, மண்ணால் செய்து படுக்க வைத்த துரியோதனன் உருவத்தின் மேல் படுகளத்தில் அந்தச் சபதம் நிறைவேறும்போது ஊரே கூடி நிற்கும். இத்தனை கனத்தையும் தாங்க வேண்டிய கூந்தல், சில நேரம் வாடகை டோப்பா.

மீசையும் சொல்லணும். இந்தப் பக்கத்துக் குடியானவனுக்கு மீசை ஒரு அடையாளம். பெண்வேடம் கட்டுபவர் பருவம் முழுக்க மழித்த முகத்தோடு இருக்கணும். ராத்திரி வேடம் கலைந்துவிடும், மழித்த மேலுதடு கலையாது. ராத்திரி கையெடுத்துக் கும்பிட்ட அதே ஆட்கள் பகலில் டீக்கடையில் கிண்டல் பண்ணுவதும் உண்டு. அவர்களில் பெரும்பாலோர் கல்யாணமாகிப் பிள்ளைகுட்டியோடு விவசாயக் கூலியாகவோ சிறு குடியானவராகவோ வாழ்ந்தவர்கள். சிலருக்கு ராத்திரி வேடம்தான் உண்மையான முகமாக இருந்திருக்கும், அவர்களுக்கு கூத்துச் செட்டு ஒரு ஒதுங்கிடம். இன்னைக்கு நாம் எல்லாரையும் ஒரே பெயருக்குள் அடைக்கப் பார்க்கிறோம், அதில் எனக்கு உடன்பாடு இல்லை. "ட்ராக்" என்ற சொல்லையும் ஒப்பிட்டுப் பார்க்கத்தான் எடுத்தேன், பட்டமாகச் சூட்ட அல்ல.

கூத்தே இந்த வேறுபாட்டைத் தெரிந்து வைத்திருக்கிறது. விராடபர்வத்தில் அர்ச்சுனன் பேடி உருவில் பிருகன்னளையாக வருவான். பீமன் சேலையைப் போர்த்திக்கொண்டு கீசகனுக்காகக் காத்திருப்பான். பீமன் சேலை போர்த்தினால் கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கும், கட்டியங்காரன் சும்மா விடமாட்டான். அதே கூட்டத்தின் முன்னால் துகிலுரிதல் அன்று திரௌபதி சேலையோடு நிற்கும்போது ஒருத்தரும் சிரிக்கமாட்டார்கள். ரெண்டு பேருமே சேலை கட்டிய ஆண்கள்தான். ஒண்ணு ஆண் பெண்ணாக நடிக்கிற காட்சி. இன்னொன்றில் ஆண் என்பதே கணக்கில் இல்லை. அன்றைக்கு அந்த வேடம் கட்டுபவர் விரதம் இருப்பார். துச்சாதனன் வேடக்காரர் சேலையில் கை வைப்பதற்கு முன் அம்மனிடம் மன்னிப்புக் கேட்டுப் பாடுவார். கற்பூரம் எரியும். இழுக்கிற நேரத்தில் ரெண்டு பேரில் ஒருவருக்கோ பார்க்கிறவர்களுக்கோ அருள் வருவது வழக்கமான விஷயம்.

ஆயா சேலை கொடுத்தது அந்த ராத்திரிக்குத்தான். கல்யாணத்துக்கு எடுத்த சேலை, அரக்கு நிறம். விடிஞ்சு திரும்பி வந்தபோது தோள் பக்கம் வேடப்பூச்சு ஒட்டியிருந்ததாம். அரிதாரம், முத்துவெள்ளை, செந்தூரம் எல்லாவற்றையும் தேங்காய் எண்ணெயில் குழைத்துப் பூசுவதால் துணியில் பட்டால் போகாது. ஆயா அதைத் துவைக்கவே முயற்சி பண்ணலை. பெட்டியில் அப்படியே வைத்துவிட்டது. இந்த ஊர்ப் பெண்களுக்குக் கூத்து மேடையில் ஏற உரிமை இல்லை. அவர்கள் சேலைக்கு இருந்தது.

வெளிச்சத்தையும் விட்டுவிடக் கூடாது. தீவட்டி வெளிச்சத்தில் மஞ்சள் அரிதாரம் பூசின முகம் தங்கம் மாதிரி மின்னும், சேலை நிறம் அவ்வளவாக எடுக்காது. பெட்ரோமாக்ஸ் வந்ததும் நிலைமை மாறிவிட்டது. அந்த வெள்ளை வெளிச்சத்தில் கரையும் கட்டமும் தெரிய ஆரம்பித்தன, ஜரிகை பளிச்சிட்டது. வேடத்துக்கு நல்ல சேலை வேணும் என்ற கட்டாயம் அதிலிருந்து கூடியிருக்கும். அரிதாரத்தோடு கடைச் சாமானும் சேர்ந்தது: ஸ்நோ, குட்டிக்கூரா பவுடர், சாந்து.

அந்தச் "நல்ல சேலை" எது என்பதைச் சொல்லிக் கொடுத்தது டென்ட் கொட்டாய். (எங்க பக்கம் பாதி ஊர்ப் பெயரே கொட்டாயில்தான் முடியும், அது வேற கொட்டாய்.) 1961ல் "பாலும் பழமும்" வந்தது. இன்னைக்கும் துணிக்கடையில் "பாலும் பழமும் கட்டம்" என்று கேட்டால் எடுத்துப் போடுவார்கள். படத்தின் பெயர் சேலைக் கட்டத்தின் பெயராக நிலைத்துவிட்டது. சரோஜாதேவி கொண்டை, காதோரம் சுருள், இடுப்பு தெரியாமல் வழியும் முந்தானை, இதெல்லாம் சேலம் தியேட்டரில் தொடங்கி டூரிங் டாக்கீஸ் வழியாகக் கிராமத்துக்கு வர ஒரு வருஷமோ ரெண்டு வருஷமோ ஆகும். வந்து சேர்ந்ததும் அதை முதலில் துணிந்து போட்டுப் பார்க்கக்கூடிய ஆள் யார்? மாமியார் இருக்கிற வீட்டு மருமகளா? அவளால் முடியாது. பெண்வேடக்காரரால் முடியும். அவர் சரோஜாதேவி கொண்டை போட்டால் யார் கேப்பாங்க?

இது நம்ம ஊர் அதிசயம் இல்லை. மராத்தி மேடையில் பாலகந்தர்வர் கட்டிய சேலையையும் சூடிய பூவையும் பார்த்துத்தான் புனே, பம்பாய் வீட்டுப் பெண்கள் அலங்காரம் செய்துகொண்டார்கள். குஜராத்தி மேடையில் ஜெய்சங்கர் "சுந்தரி"யும் அப்படியே. ஆண்கள் மேடையில் பெண்ணாக நின்று, நிஜப் பெண்களுக்கு உடை சொல்லிக் கொடுத்த வரலாறு இந்தியாவில் நீளமானது. தமிழ்நாட்டில் சங்கரதாஸ் சுவாமிகள் காலத்து பாய்ஸ் கம்பெனிகளில் ஸ்திரீபார்ட் போட்ட சிறுவர்களும் அந்த வரிசைதான். சிவாஜி கணேசன் சின்னப் பையனாகக் கம்பெனியில் சேர்ந்து சீதை வேடம் போட்டவர். பிறகு 1964ல் "நவராத்திரி"யில் ஒன்பது வேடத்தில் ஒன்று கூத்துக் கலைஞன். அந்தப் படத்துக் கூத்தில் அவரோடு ஆடுவது சாவித்திரி, நிஜப் பெண். அதே வருஷம் தர்மபுரிப் பக்கத்தில் எந்தக் கூத்துக் களத்திலும் அப்படி ஒரு காட்சியை எதிர்பார்க்க முடியாது.

பெண் நடிகைகள் கிராமத்துக்கே வரவில்லை என்று அர்த்தம் இல்லை. சமூக நாடகம் போடுகிற ஊர் இளைஞர்கள் காசு சேர்த்து வெளியூரிலிருந்து நடிகை கூப்பிடுவது அந்தக் காலத்தில் பரவிக்கொண்டிருந்தது. ஒரே ஊரில் ஒரு மாசம் நாடகத்தில் நிஜப் பெண், அடுத்த மாசம் கூத்தில் பெண்வேடம். ஒப்பிட்டுப் பார்க்க வாய்ப்பு வந்துவிட்டது. அது பெண்வேடக்காரருக்குத் தொழில்முறையில் பெரிய அடி என்று சிலர் நினைக்கலாம். கூத்தில் அப்படி ஆகவில்லை. மேடைக்கு வந்த பெண்ணுக்கு ஊர் கொடுத்த பெயர் கொடுமையானது. அம்மன் வேடம் கட்ட அவளை அனுமதிக்க ஊருக்கு மனசு இல்லை. சேலை கட்டிய ஆணுக்குக் கிண்டல், மேடை ஏறிய பெண்ணுக்கு அவதூறு. ரெண்டும் ஒரே தட்டில் வைக்கிற விஷயம் அல்ல.

எனக்கு நெருடுகிற இடம் வேறு. 1961ல் குச்சிப்புடி வேதாந்தம் சத்தியநாராயண சர்மாவுக்கு சங்கீத நாடக அகாதெமி விருது கிடைத்தது. சத்தியபாமாவாகவே வாழ்ந்தவர். பாமா கலாபத்தில் திரைக்கு மேல் சடையைத் தூக்கிப் போட்டு, முகம் காட்டும் முன்பே சவால் விடும் கட்டம் ஆந்திராவில் அவ்வளவு பிரசித்தம். 1964ல் பாலகந்தர்வருக்குப் பத்மபூஷண். ரெண்டு பேருக்கும் தகுதியானதுதான், அதில் பேச்சே இல்லை. ஆனால் அதே வருஷங்களில் தமிழ்நாட்டு அரசியல் மேடைகளில் "கூத்தாடி" என்பது எதிராளியைத் திட்டுகிற வார்த்தை. திரைக்குப் பின்னால் நின்று பாடி, திரை விலக வெளியே வருகிற அதே முறைதான் கூத்துத் திரௌபதிக்கும். அங்கே பரம்பரை பிராமணக் குடும்பங்களின் கலை, அது "சாஸ்திரியம்" ஆனது. இங்கே உழவுக் கூலிகளின் கலை, "தெருக்கூத்து" ஆனது. சேலை ஒன்றுதான், கட்டியவர் யார் என்பதுதான் வித்தியாசம்.

பெண்கள் கூத்து கற்றுக்கொண்டு ஆட வந்தது ரொம்பப் பிற்பாடு. காஞ்சிபுரம் பக்கம் 1990ல் தொடங்கிய கட்டைக்கூத்துச் சங்கம், பின்னால் குருகுலம் நடத்திப் பெண் குழந்தைகளுக்கும் கற்றுக்கொடுத்தது. அந்தப் பெண்கள் கட்டை வேடமே கட்டினார்கள், கிரீடமும் புஜக்கீர்த்தியும் வைத்து.

கடைசியாக ஒரு வேலைக்குறிப்பு. பழைய பெட்டியில், சாமி அறையில், கூத்து வாத்தியார் வீட்டுச் சுவரில் பெண்வேடப் படம் மாட்டியிருந்தால், பின்னால் தேதி இல்லை என்று விட்டுவிடாதீங்க. துரியோதனனைப் பார்த்துக் காலம் கண்டுபிடிக்க முடியாது, பக்கத்தில் நிற்கிற துரோபதையைப் பாருங்க. முதலில் ரவிக்கைக் கை: முழங்கை வரையா, பஃபா, குட்டையா. அப்புறம் கொசுவம் முன்னாலா பின்னாலா. முந்தானை குத்தி விட்டிருக்கா, மாராப்பாக இழுத்திருக்கா. கொண்டையின் உயரம். சேலையில் கட்டம் இருந்தால் அதன் அளவு, கரை இருந்தால் அதன் அகலம். வளையல் ஒரே தடிமனாக, ஒளி ஊடுருவாமல் இருந்தால் அது கண்ணாடி இல்லை. இத்தனையும் பார்த்தபின் ஒரு ஐந்து வருஷ எல்லைக்குள் வந்துவிடலாம். அதற்குமேல் துல்லியம் வேணும்னா அந்த ஊர்க் கிழவியிடம் படத்தைக் காட்டி, சேலை யாரோடது என்று கேளுங்க.